செவ்வாய் கிளம்பினால் திங்கள்

"தண்ணி மேல ஊடுங்கற. அப்பொ கக்கூசுத் தண்ணியெல்லாம் எங்க போகும்?" என்று கேட்டாள் ஆராயி.

சரிதா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அம்மாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பாதங்கள் இரண்டும் வீங்கி, விரல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எங்கே சதையில் பட்டுவிடுமோ என்று ஒவ்வொரு நகத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் குழாய் போட்டிருப்பார்கள், கரைக்குப் போய்விடும் என்று சொல்லிவைத்தாள். நிஜத்தில் அவளுக்கு என்ன தெரியும்? சேலத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை. கிழவன் கிழவிகளுக்குக் காசி, ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக்கு வண்டி முதலாளிகளுக்குத் தாய்லாந்து, துபாய் என்று டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறாள். போரா போராவுக்கு இதுவரை ஒரு ஆள் வந்து கேட்டதில்லை. ஆபீஸ் சுவரில் தொங்கும் காலண்டரில் ஒரு படம், அவ்வளவுதான். பச்சையும் நீலமுமாகக் கடல், அதில் கால் ஊன்றி நிற்கும் கூரை வீடுகள், கீழே பொடி எழுத்தில் அந்தத் தீவின் பெயர்.

அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். டாக்டர் அவளையும் அப்பாவையும் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வெளியே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆராயி மகள் முகத்தைப் பார்த்து, பொழைச்சுக்குவனா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பொழைக்காமல் என்ன, உன்னை வெளிநாட்டுக்கே கூட்டிப்போகப் போகிறேன் என்றாள் சரிதா. எந்த நாட்டுக்கு என்று அம்மா விடாமல் கேட்டபோது காலண்டர்தான் கைகொடுத்தது. அந்த ஒரு நிமிஷத்தைத் தாண்டுவதற்காகச் சொன்ன சொல் அது.

ஆராயி அதைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே பேச்சுதான். அங்கே மோர் கிடைக்குமா? மழைக் காலம் எப்போது? எருமையை யார் பார்த்துக்கொள்வது? கொள்ளுப் பொடியும் மிளகாய்ப் பொடியும் எடுத்துப் போனால் ஏரோப்ளேன்காரன் விடுவானா? அம்மா கண்ணயர்கிற நேரம் பார்த்துச் சரிதா போனில் தேடித் தேடிப் படித்தாள். சிங்கப்பூர் போய், அங்கிருந்து நியூசிலாந்து போய், அங்கிருந்து பசிபிக் கடலுக்கு நடுவில் தாஹித்தி என்கிற தீவில் இறங்கி, அப்புறம் சின்ன விமானத்தில் ஏற வேண்டும். நடுவில் ஒரு கோடு வருகிறதாம். அதைத் தாண்டினால் தேதி ஒரு நாள் பின்னால் போய்விடும்.

"நியூசிலாந்துல செவ்வாக்கெழம கெளம்புனாத் திங்கக்கெழம போயிச் சேருவம்மா."

ஆராயி இதைக் கேட்டதும் மஞ்சள் பூத்த கண்ணை உத்தரத்தில் நிறுத்தி ஏதோ கணக்குப் போட்டாள்.

"அப்பொ ஒரு நாளு மிச்சந்தான," என்றாள். பிறகு, செவ்வாய்க்கிழமை யாராவது பயணம் கிளம்புவார்களா என்று ஒரு சந்தேகம் வந்தது அவளுக்கு. போய் இறங்குவது திங்கட்கிழமைதானே, அதனால் பாதகமில்லை என்று அவளே அதற்கு ஒரு சமாதானமும் கண்டுபிடித்துக்கொண்டாள்.

சரிதாவின் பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். சாகப்போகிறோம் என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு யாரோ ஒரு சொந்தக்காரி வந்து விஷயத்தை உடைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அந்தப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னை விடாதீங்க என்னை விடாதீங்க என்று பகலெல்லாம் கத்தியதைச் சரிதா காதாரக் கேட்டிருக்கிறாள். தன் அம்மா அப்படிப் போகக் கூடாது. அதனால் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். அழுமூஞ்சிகளுக்கு அனுமதி கிடையாது. அப்பா செங்கோடனையே, அழுவதாக இருந்தால் எருமைக் கட்டுத்தறிக்குப் போய் அழுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவரும் பாவம், சொன்னபடியே போய் அழுதுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வருவார்.

நகம் வெட்டி முடித்து, தேங்காய் எண்ணெய் தொட்டுப் பாதத்தில் தடவும்போது ஆராயி வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"தம்பி வந்தானா?"

தனசேகர் அவளுடைய ஒரே தம்பி. சேந்தமங்கலத்துப் பக்கம் தோட்டம். தாய் இல்லாமல் போன வீட்டில் அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் ஆராயிதான். அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை எட்டிப் பார்த்ததோடு சரி. அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை. தினமும் செங்கோடனுக்குப் போன் போடுவார், எப்படி இருக்கிறாள் என்று கேட்பார், பதில் முடிவதற்குள் வைத்துவிடுவார். சரிதாவுக்கு மாமன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அம்மாவிடம், மாமா மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிறார்கள், மில்லுக்கு லோடு ஏற்றிவிட்டு வருவார்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அதையே சொன்னாள்.

அப்போது வெளியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியதில் காது பாதி போய்விட்ட மனுஷர். போனில் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். "போரா போராங்கறா," என்றார். இன்னொரு தடவையும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை சொல்ல ஆரம்பித்துத் தொண்டை உடைந்து, அழுகை வந்து, அதோடு பேச்சு நின்றுவிட்டது.

சரிதா எண்ணெய்க் கையோடு ஓடினாள். செங்கோடன் தென்னை மரத்தடியில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். சிக்னல் போய்விட்டதாம். கூப்பிட்டது சென்னியம்மாள், ஆராயிக்கு ஒன்றுவிட்ட தங்கை, மாமா ஊர்க்காரி. எப்படி இருக்கிறாள் என்று கேட்டாளாம். "என்னத்தச் சொல்றது? எந்நேரமும் போரா போராங்கறான்னு சொன்னேன். சொல்றப்பவே எனக்குத் தாங்குல சாமி," என்றார். அம்மா காதில் விழுகிற தூரத்தில் நின்று அழலாமா என்று சரிதா அவரைக் கடிந்துகொண்டாள். அதைத் தாண்டி அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து, அவள் அம்மாவுக்கு அரிசிக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திருச்செங்கோட்டிலிருந்து தூரத்து உறவில் ஒரு பெரியப்பா. குரலைத் தாழ்த்தி, எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டார். எதைப் பெரியப்பா என்று கேட்டாள் சரிதா. பிறகு அவர் தயங்கித் தயங்கி, அம்மா காலையில் தவறிவிட்டதாக வாட்சப்பில் வந்ததே, தகவல் சேந்தமங்கலத்திலிருந்துதான் வந்தது என்றார்.

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. சரிதாவுக்குத் தன் அப்பா கத்திய வார்த்தை அப்போதுதான் சென்னியம்மாள் காதோடு கேட்டது. ஆராயி எப்படி இருக்கிறாள்? போறா, போறாங்கறா. போறா, போறாங்கறா. அப்புறம் ஒரு அழுகை, லைன் கட். இதைக் கேட்டால் யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்? கடலுக்கு நடுவே ஒரு தீவு இருக்கிறது, அதற்கு இப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சென்னியம்மாள் கனவா கண்டாள்?

அவளைக் கூப்பிட்டால் லைன் பிஸி. மறுபடியும் பிஸி. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் போல. மாமாவைக் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நின்றது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அதை எடுத்து, மாமா போனை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார், எல்லாரும் வேன் பிடித்துக் கிளம்பி வெகு நேரமாகிவிட்டது அம்முணி, இந்நேரம் நாமக்கல் தாண்டியிருப்பார்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு, அம்மா கடைசியில் ஏதாவது பேசினாளா என்றும் கேட்டாள்.

சரிதா வீட்டுக்குள் வந்து தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். புழுங்குகிறதே, எதற்கு ஜன்னலைச் சாத்துகிறாய் என்று ஆராயி கேட்டாள். புழுதி வருகிறது என்றாள். அத்தை ராமாத்தாளைக் கூப்பிட்டு அம்மா பக்கத்தில் உட்காரவைத்தாள். ராமாத்தாள் அப்பாவின் அக்கா, பக்கத்து வீடு. விஷயத்தைக் காதோடு சொன்னதும் அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள், ஆனால் முகத்தை மாற்றவில்லை. கெட்டிக்காரி. நீ போய் அவர்களை நிறுத்து, இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணாலேயே சொன்னாள்.

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தெருமுனையில் பால் சொசைட்டிக் கட்டடத்துக்கு முன்னால் சரிதா நின்றாள். எழவுக்கு வருகிற பெண்கள் வீட்டு வாசலில் வந்து அழ ஆரம்பிப்பதில்லை. தெருமுனையில் இறங்கும்போதே கொண்டையை அவிழ்த்துவிட்டு, அங்கிருந்தே குரலெடுத்துக்கொண்டு வருவார்கள். அதுதான் முறை. அந்த முதல் குரல் எழுந்துவிட்டால் போச்சு. டிவி என்ன, மேட்டூர் அணையையே திறந்துவிட்டாலும் அதை மறைக்க முடியாது.

வேன் வந்தது. கதவு திறப்பதற்கு முன்பே சென்னியம்மாள் கொண்டை அவிழ்ந்திருந்தது. ஒரு காலைக் கீழே வைத்ததும் அவள் வாயைத் திறந்து, "எம்பொறப்பே" என்று இழுத்தாள். சரிதா பாய்ந்துபோய் அந்த வாயைப் பொத்தினாள். பெரியவர் சின்னவர் என்றெல்லாம் பார்க்கவில்லை.

"அம்மா இருக்கறாங்க. உசுரோடதான் இருக்கறாங்க. யாரும் அழுவாதீங்க, உங்க காலுல உழுவறேன்."

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஒருத்தர் கையில் ரோஜா மாலை, பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்தது. ஒரு கிழவர் மெதுவாகத் தலையிலிருந்து துண்டை எடுத்தார். நடந்ததைச் சரிதா மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். சென்னியம்மாள் கொண்டையை முடியவும் மறந்து தலையில் அடித்துக்கொண்டாள். அப்படியானால் திரும்பிப் போவதா, இருப்பதா என்று அவர்களுக்குள் முணுமுணுப்பு. டாக்டரே நாள் குறித்துவிட்டார்தானே, வந்தது வந்துவிட்டோம், சித்த நேரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று யாரோ சொன்னது சரிதாவுக்குக் கேட்டது. எதைப் பார்ப்பதற்கு? அவளுக்குத் திகுதிகுவென்று எரிந்தது. ஆனாலும் சண்டை போட நேரமில்லை. சொசைட்டி நிழலில் எல்லாரையும் உட்காரச் சொன்னாள்.

வேனின் பின்சீட்டிலிருந்து கடைசியாக இறங்கினார் தனசேகர். கையில் மஞ்சள் பை. முகம் வீங்கியிருந்தது, வழியெல்லாம் அழுதிருக்கிறார். அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று கேட்டதும் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உசுரோட இருக்கறப்ப வரலியே மாமா. செத்துட்டான்னு சொன்னாத்தான் வருவீங்களா?" என்றாள் சரிதா.

எனக்கு அக்காவை அப்படிப் பார்க்கத் தைரியமில்லை என்று மட்டும் அவர் அப்புறம், நடக்கும்போது, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனாள். கண்ணைத் துடைக்கச் சொன்னாள், வாசல் குழாயில் முகம் கழுவவைத்தாள், கிழங்கு லோடு ஏற்றிவிட்டு வந்ததாகச் சொல்லச் சொன்னாள். அத்தனையும் சொன்னவள், அந்த மஞ்சள் பையைக் கவனிக்கவில்லை. அவரும் மறந்துபோய் அதைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஆராயிக்குத் தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எழுந்து உட்கார வேண்டும் என்றாள். ராமாத்தாள் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தாள். கிழங்கு என்ன விலை போகிறது, மழை உண்டா என்றெல்லாம் கேட்டாள். தனசேகர் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னார். அக்காவின் கை அவர் முழங்கையைத் தடவி, மணிக்கட்டுக்கு வந்து, பையில் வந்து நின்றது.

"என்னடா தம்பி கொண்டாந்த?"

அந்தப் பையில் என்ன இருக்கும் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கல்யாணமான பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும். கூடப் பிறந்தவன் புதுச் சேலையும் மஞ்சளும் குங்குமமும் பூவும் கொண்டுவந்து போர்த்தாமல் பிணத்தை எடுக்கமாட்டார்கள். வாசலிலேயே அந்தப் பையைப் பிடுங்கி வைத்திருந்தால் ஆகியிருக்கும். இத்தனை செய்தவள் இதைக் கோட்டைவிட்டுவிட்டாள். ஆராயி அதற்குள் பையைப் பிரித்துவிட்டாள். அரக்குச் சேலை. மஞ்சள் கிழங்கு. குங்குமச் சிமிழ். வாழை இலையில் சுற்றிய மல்லிகைப் பூ.

டிவியில் யாரோ சமையல் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ராமாத்தாள்தான் வாயைத் திறந்தாள். "பொறந்தவ அத்தாந்தூரம் பயணம் போறாளேன்னு சீர் கொண்டாந்திருக்கறான். வழியனுப்ப வந்திருக்கறான்," என்றாள். சொல்லிவிட்டுத் தானே அந்த வார்த்தையைக் கேட்டுத் திடுக்கிட்டவள்போல முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆராயி சேலையை மடியில் போட்டு, கரையைப் புரட்டிப் பார்த்தாள். நூலை நிமிண்டிப் பார்த்தாள். தம்பி எடுத்த சேலையிலேயே இதுதான் உருப்படி என்றாள். பிறகு சரிதாவைப் பார்த்து, இதை இப்போதே கட்டிவிடு என்றாள்.

சரிதா மறுத்தாள். ஊருக்குப் போகும்போது கட்டிக்கொள்ளலாம் என்றாள், கசங்கிவிடும் என்றாள், வயிற்றில் இறுக்கும் என்றாள். பிணத்துக்கு வந்த துணியை உயிரோடு இருக்கிறவள் உடம்பில் எந்தக் கையால் சுற்றுவது? ஆராயி கேட்கவில்லை. குழந்தையைப்போல இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். தனசேகர் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சரிதாவும் ராமாத்தாளுமாக அந்தச் சேலையைச் சுற்றிவிட்டார்கள். ஊதிய வயிற்றில் கொசுவம் நிற்கவில்லை, ஊக்கு போட்டார்கள். ராமாத்தாள் பூவை வைத்தாள். மஞ்சள் கிழங்கை மட்டும் யாரும் தொடவில்லை.

உட்கார்ந்த வாக்கில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஆராயி மகளிடம் சொன்னாள்.

"சரி, அவியள உள்ள வரச்சொல்லு. வெய்யில்ல எத்தன நேரம் உக்காந்திருப்பாங்க?"

"யாரும்மா? யாரும் வரலியே."

"வேன் சத்தம் கேட்டுது. சென்னி தொண்ட கேட்டுது, பாதியில நின்னுபோச்சு. போ, வரச்சொல்லு. காப்பி வையி." மகள் நகராமல் நிற்பதைப் பார்த்து, "நீயி பயந்துக்காத சாமி. பயணம் போறப்ப நாலு சனம் வந்து பாக்கறது நல்லதுதான்," என்றாள்.

சரிதா சமையற்கட்டுக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள். சத்தம் வராமல் அழுது பழகியிருந்தது, அந்தப் பழக்கத்திலேயே அழுதாள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து என்று போய்க் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை. கக்கூசுத் தண்ணி எங்கே போகும் என்று கேட்டபோதும் தெரியுமா? ஒரு நாள் மிச்சம் என்று சொன்னபோது? பால் பொங்குவதைப் பார்த்து அணைத்தாள்.

எழவுக்கு வந்த சனம் ஒவ்வொருவராக உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தது. மாலையை வேனிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எங்கே பார்ப்பது, என்ன பேசுவது என்று தெரியாமல் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்கள். ஆராயிதான் பேச்சைத் தொடங்கினாள். சென்னியம்மாளைப் பார்த்து, ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், ஊரையே வண்டி கட்டிக் கூட்டிவந்துவிடுவாயே, உன்னை எலெக்ஷனுக்கு நிறுத்த வேண்டியதுதான் என்றாள். யாரோ பக்கென்று சிரித்தார்கள். சிரித்ததும் பயந்துபோய் நிறுத்தினார்கள். ஆராயியும் சிரிப்பதைப் பார்த்தபின் எல்லாரும் சிரித்தார்கள். சென்னியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்புறம் பேச்சு போரா போராவுக்குப் போனது. சரிதாவிடம், போனை எடுத்துப் படத்தைக் காட்டச் சொன்னாள் ஆராயி. போன் கைமாறிக் கைமாறிப் போனது. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு விவசாயம் பண்ணாமல் என்ன செய்கிறார்கள் என்று கிழவர் கேட்டார். உப்புத் தண்ணீர் என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. ரிக்கு வண்டியோடு ஆப்பிரிக்கா போய்வந்த மகனைப் பெற்றவள் ஒருத்தி, விமானம் ஏறும்போது காது அடைக்கும், பஞ்சு வைத்துக்கொள், மிட்டாய் சப்பு என்று சொன்னாள். எலுமிச்சை ஊறுகாய் வேண்டாம், எண்ணெய் கசியும், நார்த்தங்காய்தான் தாங்கும் என்றாள் இன்னொருத்தி. தண்ணீருக்கு மேலே படுத்தால் வாதம் வரும், கம்பளி ஒன்று எடுத்துக்கொள் என்றாள் ராமாத்தாள். ஆராயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னாள். களைத்துப்போனால் கண்ணை மூடிக்கொள்வாள். அப்போது பேச்சு நின்றுவிடும். கண்ணைத் திறந்து, ம்ம் சொல்லுங்க என்பாள். சாயங்காலம் வரைக்கும் இப்படியே நடந்தது. செங்கோடன் அன்றைக்குக் கட்டுத்தறிப் பக்கம் போகவேயில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வேன் டிரைவர் வந்து எட்டிப் பார்த்தான். எல்லாரும் எழுந்தார்கள். ஒவ்வொருவராகக் கட்டிலருகே வந்து குனிந்து, போயிட்டு வாரோம் ஆராயி என்றார்கள். வாங்க, வாங்க என்று அவள் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தாள். தனசேகர் மட்டும் அசையவில்லை. தான் இங்கேயே இருக்கப்போவதாகச் சொன்னார்.

வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஆராயி தம்பியிடம் முதுகு வலிக்கிறது, சித்த ஒருக்களிச்சுப் படுக்கவை என்றாள். அவர் ஒரு பக்கமும் சரிதா ஒரு பக்கமுமாகப் பிடித்துத் திருப்பினார்கள். திருப்பும்போது ஒரு மூச்சு இழுத்தாள். படுக்கவைத்தபின் அடுத்த மூச்சுக்காகச் சரிதா காத்திருந்தாள். அதுவரை அவளுக்கு எல்லாவற்றிலும் பயம் இருந்தது. இதில் மட்டும் இல்லை, வரும் என்றே நினைத்தாள். ராமாத்தாள் வந்து மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, போய் வேனை நிறுத்தச் சொல்லு என்று செங்கோடனிடம் சொன்னாள். அவர் செருப்பில்லாமல் தெருவில் ஓடினார்.

வேன் திருப்பத்திலிருந்து திரும்பியது. சென்னியம்மாளின் குரல் இந்தத் தடவை தெருமுனையிலிருந்து வாசல் வரைக்கும் முழுசாக வந்தது. சரிதா ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் காலை குளிப்பாட்டிய பிறகு கோடி எங்கே என்று ஊர்ப் பெரியவர் கேட்டார். கட்டிக் களைந்த சேலை கோடியாகாது, திருச்செங்கோட்டுக்கு ஆள் அனுப்பிப் புதுசு எடுத்துவரச் சொல்லுங்கள் என்றார். தனசேகர் சட்டைப் பையில் கை விட்டுக்கொண்டு எழுந்தார். ராமாத்தாள் அவரை உட்காரச் சொன்னாள். பொறந்தவன் கையால் வந்ததை அவளே கட்டிப் பார்த்து நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டாள், எந்தப் பிணத்துக்கு இந்தக் கொடுப்பினை கிடைக்கும் என்று கேட்டாள். பெரியவர் என்னமோ செய்யுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார். அதே அரக்குச் சேலையைத்தான் தனசேகர் அக்காவுக்குப் போர்த்தினார். மஞ்சள் கிழங்கையும் அப்போதுதான் வைத்தார்கள்.

எடுத்துப்போய் எரித்துவிட்டு வந்தார்கள். கிணற்றடியில் குளித்து, வீட்டில் எரிந்த விளக்கைப் பார்த்துவிட்டு ஆம்பளைகள் வெளியேறினார்கள். எழவு வீட்டில் யாரும் வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அப்படிச் சொன்னால் அந்த வீட்டுக்கு மறுபடியும் அதே காரியத்துக்கு வரவேண்டியிருக்கும் என்பார்கள். அதனால் எல்லாரும் முகத்தைக்கூடப் பார்க்காமல் நழுவி நழுவிப் போனார்கள். சென்னியம்மாள் சரிதாவின் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள். நேற்று இந்நேரம் நார்த்தங்காய் பேசிய பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேனில் ஏறினார்கள். சரிதா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ராமாத்தாள் வீட்டைக் கூட்டும் சத்தம் கேட்டது.

தனசேகரும் போனார். ஈரத் தலை, முதுகில் ஒட்டிய சட்டை. வேன் வரைக்கும் போய், படியில் ஒரு காலை வைத்துவிட்டார். டிரைவர் வண்டியை முடுக்கினான். அவர் காலை எடுத்துக் கீழே வைத்தார். திரும்பி, அந்தத் தெரு நீளத்துக்கும் நடந்து வாசலுக்கு வந்தார்.

"அப்பனப் பாத்துக்க சாமி," என்றார். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஞாயத்துக்கெழம வாரேன்," என்றார்.

உள்ளே கூட்டுகிற சத்தம் நின்றது. வேன் ஜன்னல்களில் தலைகள் திரும்பின.

"வாங்க மாமா," என்றாள் சரிதா.